சுஹறாவின் வயிற்றுக்கட்டு

விடியலில் சுபஹு தொழுத கையோடு சுஹறா சேலையின் ஒரு முனையை யன்னல் கம்பியில் முடிந்துவிட்டு, மறுமுனையை வயிற்றில் ஒட்டிப் பிடித்தபடி எதிர்ச் சுவரோரம் போய் நிற்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சுற்றத் தொடங்குவாள். சுற்றச் சுற்றத் துணி இடுப்பில் ஏறும். அவள் யன்னலை நெருங்குவாள். முடியும்போது நெற்றி கம்பியைத் தொடும். அந்த நேரம் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. எங்கே போய்விட்டு வருகிறாளோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

கல்முனை வீட்டுத்திட்டத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த கதவு. வயதில் மூத்தவள் என்பதால் நான் அவளுக்கு ராத்தா. அபாயா தைப்பது அவள் தொழில். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் காற்று உள்ளே போய் வரத் தொளதொளவென்று தைப்பாள். தன்னை மட்டும் மூச்சு முட்டக் கட்டிக்கொள்வாள்.

"ஆருக்குக் காட்டப் போறகா இந்த இடுப்ப?" என்று சீண்டுவேன்.

"எனக்கு நானே காட்டத்தான் ராத்தா" என்பாள், மெசினிலிருந்து கண்ணெடுக்காமல். ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு கதைக்கிற அந்தப் பழக்கத்தை ஏசி ஏசி நான் ஓய்ந்துவிட்டேன்.

இடுப்பெல்லாம் சும்மா சாட்டு, காரணம் வேறு. பிள்ளை பெற்றவளுக்கு வயிறு தொங்கிவிடாமல் துணியால் கட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சுனாமி வந்த காலையில் சுஹறா பச்சை உடம்புக்காரி. அவள் உம்மா சபியா தன் பழைய நூல் சேலையால் இறுகக் கட்டிவிட்டு, பேர்கூட வைக்காத குழந்தையை இளவெயில் காட்ட முற்றத்துக்குத் தூக்கிப் போனா. கடல் இருவரையும் கொண்டுபோனது. சுஹறாவை மட்டும் வயிற்றுக்கட்டு எவர் வீட்டுக் கேற்றிலோ கொளுவிப் பிடித்துக்கொண்டது. அதே சேலைதான் இது.

"உம்மாதான் என்னெப் புடிச்சிக்கிட்டு இருந்தவ ராத்தா" என்பாள், ஏதோ கனவைச் சொல்வது போல. "நான் ஒண்டையும் புடிக்கல்ல."

அதற்குப் பிறகு, சண்டைக் காலத்தில் ஒருமுறை சோதனைச் சாவடியில் தடவிப் பார்த்த ஆமிக்காரி, கை அந்த வயிற்றுக்கட்டில் பட்டதும் முகம் வெளுத்துப் பின்னால் பாய்ந்தாள். குண்டென்று நினைத்துவிட்டாள், பாவம். மறைப்புக்குள் நிறுத்தி அவிழ்க்கச் சொன்னார்கள். வெறும் சேலை. அன்றிலிருந்து சுஹறா டவுனுக்குப் போவதில்லை. நூலும் பொத்தானும் வாங்கி வருவது நான்தான். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

இப்போது சண்டையும் முடிந்துவிட்டது. சுஹறாவின் வயிற்றில் மறுபடி ஒரு பிள்ளை, நாலாம் மாதம். சுனாமி அன்று ஆழ்கடலில் வலை போட்டிருந்ததால் தப்பியவன் அவள் புருஷன் மீராசா. நேற்று என் வாசலில் வந்து நின்றான்.

"நீங்க சொன்னாக் கேப்பா ராத்தா. அவுக்கச் சொல்லுங்க. மிட்வைஃப் மிஸ் ஏசிட்டுப் போறா, புள்ளைக்குக் கூடாதாம்."

அத்தனை நெடிய ஆள் கண் கலங்கி நின்றதை எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

போய்ச் சொன்னேன். ஏசினேன் என்பதுதான் சரி. "இந்தப் புள்ளையையும் இல்லாமலாக்கப் போறியாகா?" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுஹறா கோபிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே கொடியில் ஆடிய அபாயாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடற்காற்றில் அவை உள்ளே ஆள் இருப்பது போல ஊதி ஊதி அடங்கின.

"அவுத்தா மறுகா என்னெ ஆரு ராத்தா புடிக்கிற?" என்றாள்.

வாயாடி என்று பேரெடுத்த நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பிறகு அவளே எழுந்தாள். இடுப்பில் சொருகியிருந்த முனையை உருவி என் கையில் தந்தாள்.

"விட்டிராதீங்க."

மெல்லக் கிறுகிக் கிறுகி, கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தபடி சுவர்ப் பக்கம் போனாள். சேலை எங்கள் இருவருக்கும் நடுவே நீண்டுகொண்டே போயிற்று. கடைசிச் சுற்றில் கழன்று விழப் பார்த்த முனையை அவள் விரல்கள் பற்றிக்கொண்டன. கட்டில்லாத வயிறு, சின்ன மேடாக, மூச்சுக்கு ஏறி இறங்கியது. நான் என் பக்கத்து முனையை மணிக்கட்டில் இரண்டு தரம் சுற்றிக்கொண்டேன்.