அக்கா தைக்கக் கொடுத்த சிவப்புப் பட்டு

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து, பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கொழும்பில் ஒரு பங்களாவில் மூன்று வருஷம் அடைபட்டுக் கிடந்துவிட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அண்ணனின் ஒற்றை அறைக் காம்பிராவுக்குத் திரும்பியிருந்தேன்.

வீட்டு வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி என்னைக் கூட்டிப்போனவர் ஒரு தரகர். போன பிறகுதான் தெரிந்தது, சம்பளமும் கிடையாது, வாசல் தாண்டவும் முடியாது. வீட்டுக்காரர்கள் வெளியே கிளம்பினால் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒரு நாள் அவர்கள் பூட்ட மறந்த நேரம் பார்த்து, கீரை விற்க வந்த ஒரு சிங்களப் பெண்மணிதான் என்னைக் கோட்டை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், தன் காசில் டிக்கெட் எடுத்து ரயிலேற்றிவிட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

வந்து பார்த்தால் தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோலில் என் பெயரை வெட்டியிருந்தார்கள். பெயர் இல்லையென்றால் கொழுந்தெடுக்கும் வேலையும் இல்லை. அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள், அவன் பாடே திண்டாட்டம். அந்த நேரம் பார்த்து அதே தரகர் மறுபடி வந்து, "இந்தத் தடவ தங்கமான வீடு" என்றார். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே, "ஒனக்குன்னு ஒரு தொழில் இருந்தா நான் ஏம்மா அனுப்பப் போறேன்" என்றான். சனிக்கிழமை கூட்டிப்போவதாகப் பேச்சு.

அந்தப் பங்களாவில் நான் கற்ற ஒரே நல்ல காரியம் தையல். பிள்ளைகளுக்குக் கவுன் தைத்துப் பழகியிருந்தேன். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பிராவில் ஓர் அக்கா இருந்தார், கொழுந்தெடுப்பவர். மகள் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த கை மெஷினை அவரே தூக்கிக்கொண்டு வந்து, "சும்மாதான கெடக்கு, தச்சுப் பொழச்சுக்க" என்று என் முன்னால் வைத்தார். மெஷின் வந்தது, துணிதான் வரவில்லை. கொழும்பிலிருந்து ஓடிவந்தவள், அங்கே என்ன நடந்ததோ என்று பீலியடியில் தண்ணீர் பிடிக்கும் போதெல்லாம் என் பேச்சுதான். ஒரு கிழிசலைக்கூட யாரும் தரவில்லை.

கடைசியில் அக்காவே கொடுத்தார். அவர் மகள் வயதுக்கு வந்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமை சடங்கு. தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த சிவப்புப் பட்டில் அவளுக்கு ஜாக்கெட் தைக்கச் சொன்னார். சடங்குத் துணி என்றால் ராசியான கை பார்த்துத்தான் கொடுப்பார்கள். "அதப் போயி அவகிட்டயா?" என்று லயமே கேட்டது. அக்கா காதில் வாங்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்டிக் கெடுத்தேன். நான் தைத்துப் பழகிய கவுனுக்குக் கை முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான். ஜாக்கெட் கைக்கு முன்பக்கத்தைக் கொஞ்சம் குழித்து வெட்ட வேண்டும். பதற்றத்தில் துணியை இரண்டாக மடிக்காமல் தனித்தனியாக வெட்டினேன். இரண்டுமே வலது கைக்கு வந்துவிட்டன. மிச்சத் துணியும் இல்லை. சனிக்கிழமை காலைதான் அதைக் கவனித்தேன். இனி எந்த முகத்தோடு அந்த லயத்தில் இருப்பது? என் சேலைகளை மூட்டை கட்டினேன். மத்தியானம் தரகர் வந்து அண்ணி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். துணியை ஒப்படைத்துவிட்டுப் போய்விடலாம் என்று அக்காவிடம் ஓடினேன்.

அப்போதுதான் கொழுந்து மலையிலிருந்து வந்து கூடையை இறக்கியிருந்தார். இரண்டு கைத் துண்டுகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நான் அந்தாளோடயே போயிர்றேன்க்கா" என்றேன்.

"துணிக்குப் பதில் துணி இருக்கு. அதுக்கு நீ ஏன் புள்ள போகணும்?" என்றவர், டிரங்குப் பெட்டியைத் திறந்து தன் கல்யாணப் புடவையை எடுத்தார். பச்சைப் பட்டு. முந்தியை என் மடியில் விரித்து, "வெட்டு" என்றார்.

"இதையும் கெடுத்துட்டா?"

"மிச்சப் பொடவ கெடக்குல்ல, வெட்டு."

வெட்டினேன். அக்கா மலைக்குப் போன ஈரச் சேலையைக்கூட மாற்றாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்த முறை சரியாக வந்தது. எழுந்து போய்த் தரகரிடம், "நான் வரல" என்று சொன்னேன். மூன்று வருஷமாக யாரிடமும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் அண்ணனைப் பார்த்தார். "அதான் வரலங்குதுல்ல, கெளம்புங்க" என்றான் அண்ணன்.

மறுநாள் சிவப்பு ஜாக்கெட்டில் பச்சைக் கைகளோடு பிள்ளை மனையில் உட்கார்ந்தது. பெண்கள் கேட்காமல் இருப்பார்களா? அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி, "கை என் கல்யாணப் பொடவ. தச்சது நம்ம புள்ளதான்" என்றார். அந்தத் தீபாவளிக்கு நாலு லயத்துத் துணியும் எங்கள் காம்பிராவில் குவிந்தது. பிறகு சொந்த மெஷின் வாங்கி, தலவாக்கலையில் சின்னதாக ஒரு தையல் கடையும் போட்டேன்.

என்னைப் போலவே கொழும்பிலிருந்து திரும்பிய இரண்டு பெண்கள் பின்னால் என்னிடம் தொழில் பழகினார்கள். முதல் துணியை இருவருமே கெடுத்தார்கள். இரண்டாவது துணியை நானே எடுத்துக் கொடுத்தேன். என்னைப் போகவிடாமல் பிடித்து வைத்ததும் அந்த அக்கா கொடுத்த இரண்டாவது துணிதானே.