தலை மட்டும் அவனுடையது

காலை எட்டு மணிக்கு முத்துப்பாண்டி அண்ணனிடமிருந்து போன். அன்றைக்கு அவருடைய அக்கா மகன் கவினுக்குக் காதுகுத்து. சமயநல்லூரில் எங்கள் கடையில் அடித்த பதினாறுக்குப் பத்தடி ஃப்ளெக்ஸ் பேனர்தான் மண்டப வாசலில் நின்றது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"டேய், ஒன் டிசைனால எம் மருமகன் ரூமுக்குள்ள தாப்பா போட்டுக்கிட்டான். காது குத்துற ஆசாரி வந்து ஒக்காந்துட்டாரு. ஒடனே வா!"

பைக்கை எடுத்தேன்.

எனக்குப் பத்தாவதோடு படிப்பு நின்றது. ஃபோட்டோஷாப் பிடித்துக்கொண்டது. இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, உங்களுக்கே தெரியும். காதுகுத்தோ கல்யாணமோ, ஃப்ளெக்ஸில் முகம் மட்டும்தான் வந்தவருடையது. உடம்புக்குத் தனி ஃபோல்டர் உண்டு. உள்ளே முழுக்கத் தலையில்லாத உடம்புகள். நான் அதற்கு வைத்த பெயர் 'கறிக்கடை'.

கவினுக்குப் பன்னிரண்டு வயது. கொழுகொழுவென்று இருப்பான். ஆர்டர் கொடுக்க மாமனோடு வந்தபோது கையில் ஒரு பொம்மை வைத்திருந்தான். பொம்மையின் தோள் அதன் தலையைப்போல நாலு பங்கு. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன மாப்ள, இவன மாதிரியே வச்சு விட்ரவா? ஒன் சொந்த ஒடம்ப அடிச்சா மை பத்தாதுடா."

மாமன் சிரித்தார். கவின் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வைங்கண்ணே" என்றான். வைத்தேன். வயிற்றில் சிக்ஸ் பேக்கின் ஆறு கட்டி போதாதென்று எட்டாக்கினேன்.

மண்டபத்துக்குப் போனால், ஃப்ளெக்ஸுக்குக் கீழே அவன் சித்தப்பா பிள்ளைகள் நின்று கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"எட்டுடா! சட்டையக் கழட்டுனா ஒண்ணே ஒண்ணுதான்டா இருக்கும்!"

அப்போதுதான் உறைத்தது. காது குத்தும்போது பையன் சட்டையில்லாமல் மாமன் மடியில் உட்கார வேண்டும். எத்தனை காதுகுத்து ஃப்ளெக்ஸ் அடித்திருக்கிறேன், அது ஒரு தடவைகூட என் மண்டையில் ஏறவில்லை.

கதவைத் தட்டினேன். "கவின், ஃப்ளெக்ஸ் கடை அண்ணன்டா."

"போங்கண்ணே."

"சட்டையக் கழட்டுனா என்னடா?"

"அப்ப வாசல்ல ஃப்ளெக்ஸுல நிக்கிறது யாருன்னு கேப்பாங்க."

கேலி பண்ண வாயெடுத்தேன். வரவில்லை. போனில் அந்தத் தலையில்லாத படத்தை எடுத்து, "இந்தா பாரு. இதே ஒடம்பதான் போன வாரம் எழுமலையில அறுபது வயசுக்காரருக்கு ஒட்டுனேன். மீசையெல்லாம் நரச்சுப்போன ஆளுடா" என்றேன்.

கதவு விரலளவு திறந்தது. பார்த்தான். மூக்கால் ஒரு சிரிப்பு. பிறகு கேட்டான்:

"அப்ப என் ஒடம்பு எங்கண்ணே?"

"தலைய மட்டும் வெட்டிக்கிட்டு... மிச்சத்த டெலிட் பண்ணிட்டேன்டா."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

"வாசல்ல இருக்குறத எறக்குங்க. வாரேன்."

முத்துப்பாண்டி அண்ணன் குதித்தார். "எறக்குறதா? மொத்த சொந்தமும் வந்துருக்கு. என் மானம் என்னாகுறது?"

"அண்ணே, நல்ல நேரம் முடிய இன்னும் இம்புட்டுதான் இருக்கு. ஃப்ளெக்ஸுக்கா காது குத்தப் போறீக?"

முறைத்தார். நான் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த சவுக்குக் கம்பில் ஏறிவிட்டேன். ஒரு பக்கக் கயிற்றை அறுத்துவிட்டு மறுபக்கம் பார்த்தால், கீழே நின்று அவரே முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார், என்னைத் திட்டிக்கொண்டே.

கவின் துண்டை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து மடியில் உட்கார்ந்தான். ஆசாரி முதல் காதில் குத்தியதும் "யம்மா!" என்று அலறி இரண்டு கையையும் தூக்கினான். துண்டு நழுவித் தரையில் விழுந்தது. எல்லோரும் காதைத்தான் பார்த்தார்கள். நான் மட்டும் வயிற்றைப் பார்த்தேன். பயத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தொழிலை விடவில்லை. பெரியவர்கள் கேட்டால் இன்றைக்கும் ஒட்டித் தருகிறேன். பையன்களை மட்டும் கடையிலேயே நிற்க வைத்து முழு உடம்போடு போட்டோ எடுக்கிறேன். வாயை எங்கே திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்பதையும் இப்போதுதான் பழகுகிறேன். போன வாரம் ஒரு பையன் வந்தான். வயிற்றை எக்கிக்கொண்டு, நெஞ்சைத் தூக்கிக்கொண்டு, முகம் சிவக்க நின்றான்.

"மூச்ச விடுடா" என்றேன்.

"எடுங்கண்ணே, சீக்கிரம்!"

நான் எடுக்கவில்லை. போனைப் பிடித்தபடி, அவன் மூச்சு விடும்வரை நின்றேன்.