உட்கார ஒரு நாற்காலி

சீவலப்பேரி டவுன் பஸ் டிரைவர் குற்றாலலிங்கத்துக்கு மூன்று வருஷமாக வலி. உட்கார்ந்தால் இடுப்புக்குழிக்குள் யாரோ கங்கு வைத்து ஊதுகிற மாதிரி இருக்கும். ஆனால் வலிக்கிற இடத்தைச் சொல்ல வெட்கம். ஊருக்கு, ஏன், மனைவி கலையரசிக்கே "முட்டுவலி" என்றுதான் சொல்லிவைத்திருந்தார்.

அன்று பதினொரு மணிக்குப் பாளையங்கோட்டை டாக்டர் ஸ்கேனில் பார்த்தபடி, அங்கே ஓடும் நரம்பை மரக்கவைக்கும் ஊசியைப் போட்டார். "நாலு மணி நேரம் மருந்து நிக்கும். அதுக்குள்ள உக்காந்து பாருங்க. வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்குன்னு எழுதுங்க. குறைஞ்சா இந்த நரம்புதான் காரணம், சரிபண்ணப் பாக்கலாம்."

குறையாவிட்டால்? டிரைவர் சீட்டை மறந்துவிட்டு டிப்போ கேட்டில் வாட்ச்மேனாக நிற்க வேண்டியதுதான்.

ஊசி போட்ட ஆளை உட்காரவைப்பதா என்று, டாக்டர் அறைக்கு வெளியிலேயே காத்திருந்த கலையரசி ஆட்டோவில் மடியில் கிடத்தியே கொண்டுவந்தாள். வீட்டில் தெருவே கூடியிருந்தது. ரொட்டி, ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. நோயாளிக்குக் கட்டில், பார்க்க வந்தவர்களுக்கு நாற்காலி என்பது வழக்கம். ஆறு நாற்காலியும் நிறைந்துவிட்டன. பக்கத்து வீட்டு இசக்கி மதினி அவர் முட்டில் தைலம் தேய்க்க ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன் மதினி."

"ஊசி போட்ட ஒடம்பு. பேசாமப் படுங்க கொழுந்தனாரே."

கண்டக்டர் முகம்மது மைதீன் முட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கன வே போட்டாவ? தடத்தையே காணும்?"

மூன்று முறை எழுந்தார். மூன்று முறையும் அமுக்கிப் படுக்கவைத்தார்கள். மணி இரண்டேகால் ஆகிவிட்டது.

"எல்லாரும் எந்திரிங்க! வலி முட்டுல இல்ல, உக்காருத எடத்துல! ஊசியும் அங்கனதான்!"

நாற்காலி சுட்டதுபோல் ஆறு பேரும் எழுந்தார்கள்.

"மூணு வருசமா முட்டுக்கு ஒத்தடம் கொடுத்தேனே, பாவி மனுசா!" என்றாள் கலையரசி.

குற்றாலலிங்கம் பைய உட்கார்ந்தார். மைதீன் கடிகாரத்தைப் பார்த்து, ஸ்டாப்பிங் பெயர் கூவும் குரலில் நிமிஷம் கூவினார். பத்தாவது நிமிஷத்தில் மைதீனுக்கே பொறுமை போய்விட்டது.

"மார்க்கு எத்தனை வே?"

"காலையில ஒம்பது. இப்ப ரெண்டு... ரெண்டுதான் வே!"

காப்பி வந்தது. எல்லாரும் நின்றபடி குடித்தார்கள். அவர் மட்டும் கால்மேல் கால் போட்டு.

மதினி காதோரம் குனிந்தாள். "கொழுந்தனாரே, எனக்கும் அங்கனதான், பிள்ள பெத்ததுலேருந்து. அந்த டாக்டரு பொம்பளையளுக்கும் பாப்பாரா?"

"பாப்பாரு மதினி. புதன்கிழமை வரச்சொல்லிருக்காரு. கலையரசியோட மூணு பேருமாப் போவோம்."