கடைசி மதகுச் செய்தி

காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். அலுவலக வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஏணி. அதன்மேல் நின்று இரண்டு பேர் பெயர்ப்பலகையின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையின் பெயர் மாறவில்லை. பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த உரிமையாளர் வரிதான் மாறுகிறது. அந்த ஒரு வரிக்காகப் பலகை முழுவதையும் இறக்க வேண்டியிருந்தது. ஏணிக்குச் சற்றுத் தள்ளி, சுவரின் நிழலில், எங்கள் கீழ்வேளூர் பகுதிநேர நிருபர் நின்றிருந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தால்தான் அந்த நேரத்துக்குத் தஞ்சாவூர் வந்து சேர முடியும்.

பையில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். ஐந்து வாரத்துக்கு முந்தைய எங்கள் பத்திரிகையின் மூன்றாம் பக்கம். அதன் இடது மூலையில் இருந்த பெட்டிச்செய்தியில் ஒரு வரி பொய். அது தவறு என்று நான்கு வரி போடச் சொல்லி ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டுப் போயிருந்தார். இது மூன்றாம் முறை.

அந்தப் பெட்டிக்கு ‘நீர் நிலவரம்’ என்று பெயர். பத்திரிகையை ஆரம்பித்தவர் ஒரு ரைஸ்மில் உரிமையாளர். நான் புரூஃப் ரீடராகச் சேர்ந்தபோது அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. அரசியல் செய்திகளை அவர் படித்து நான் பார்த்ததில்லை. எந்த ஊரில் எப்போது அறுவடை வரும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்கு எந்த ஊருக்குத் தண்ணீர் எப்போது போனது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் முதல் பக்கத்தில் அந்தப் பெட்டி. மேட்டூர் அணையின் மட்டம், கல்லணையிலிருந்து காவிரியிலும் வெண்ணாற்றிலும் விடும் அளவு, இறுதியாக, தண்ணீர் கடைசியாக எட்டும் ஊர்களுக்குக் ‘கடைமடை’ என்று ஒரு வரி. மேலே உள்ள எண்களை அலுவலகங்களில் கேட்டு எழுதிவிடலாம். கடைமடை வரிக்கு மட்டும் அவர் ஒரு விதி வைத்திருந்தார். அந்தந்தப் பகுதி நிருபர் தன் எல்லையில் உள்ள கடைசி மதகுக்கு நேரில் போய், தண்ணீருக்குள் இறங்கிவிட்டுத்தான் போன் செய்ய வேண்டும். கால் நனைந்ததா என்பதுதான் டெஸ்க்கில் கேட்கும் ஒரே கேள்வி. நனையவில்லை என்றால் அந்த வரியில் ‘வரவில்லை’ என்று போகும்.

அவருக்குப் பின் மகன்கள் பத்திரிகையை ஒரு பஸ் கம்பெனிக்காரரிடம் விற்றார்கள். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் பஸ் நேரம் போட்டார், பெட்டியைத் தொடவில்லை. அவரிடமிருந்து வாங்கியவர் இரண்டு பொறியியல் கல்லூரிகள் நடத்தியவர். முதல் பக்கம் அவருக்குப் பட்டமளிப்பு விழாப் படங்களுக்குத் தேவைப்பட்டது. பெட்டி மூன்றாம் பக்கத்துக்குப் போனது. அச்சகத்தை மூடி, அச்சடிக்கும் வேலையைத் திருச்சிக்குக் கொடுத்தார். மாவட்டப் பக்கங்களை மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று ஆனது. மதகைப் பார்த்துவிட்டு நிருபர்கள் பேசுகிற நேரமும் அதுதான். ஒவ்வொருவராகப் பேசுவதை விட்டார்கள். கடைசியில் கடைமடைக்கென்று மிஞ்சியவர் கீழ்வேளூர்க்காரர் ஒருவர்தான்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பாவும் அம்மாவும் பக்கத்து ஊர்ப் பண்ணைகளில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இவர் பி.ஏ. படித்துவிட்டு, குத்தகைக்கு மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், எடுத்து உழுதுகொண்டே எங்களுக்கு எழுதினார். பதினாறு வருடம். அந்தப் பக்கம் போர்வெல் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும். ஆற்றை விட்டால் வேறு வழி கிடையாது. கடைசி மதகைத் தொட்ட தண்ணீர், கன்னி வாய்க்கால்கள் என்னும் சிறு கிளைகள் வழியாக வயலுக்கு வர இரண்டு நாள் ஆகும். விதைநெல்லை ஊற வைத்து, சாக்கில் கட்டி, முளை எட்டிப்பார்க்கவும் இரண்டு நாள் ஆகும். அதனால் அங்கே ஒரு பழக்கம். பத்திரிகையில் ‘வந்தது’ என்று பார்த்த காலையில் விதையை ஊற வைப்பார்கள். மூன்றாம் நாள் நாற்றங்காலில் தண்ணீரும் இருக்கும், கையில் முளைத்த விதையும் இருக்கும்.

இந்தக் கணக்கு அவருடைய கால் நனைவதை நம்பி நடந்தது. அவர் அப்பா கூலிக்கு நின்ற வீடுகளில் இவர் போனால் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். ஒருமுறை நான் அவரோடு அந்த வீடுகள் இருந்த தெருவுக்குப் போனேன். ஒரு வீட்டுப் பெரியவர் எழுந்து வந்து, “வாங்க, உட்காருங்க, இந்தத் தடவை நம்ம மதகுக்கு எப்பங்க வரும்?” என்று கேட்டார். என்னை அவர் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது நிருபர் மொபெட்டை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

பொய் வரி வந்த அந்த வருடம், கல்லணையில் தண்ணீர் திறந்து பத்தாம் நாள். கல்லூரிக்காரர் பத்திரிகையை விற்கப் போவது அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. அன்று மத்தியானம், வாங்கப்போகும் சென்னைக் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்து, யார் யாருக்கு என்ன வேலை என்று வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். போனை அணைத்து வைக்கச் சொன்னார்கள். என் முறை முடிந்து வெளியே வரும்போது மணி மூன்று ஐம்பத்தைந்து. என் பொறுப்பில் இருந்த மூன்றாம் பக்கம் தயாராக இருந்தது. கடைமடை வரி மட்டும் காலி. எல்லா வருடமும் ஒன்பதாம் நாளே தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடும். ‘கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது’ என்று அடித்து, மேலே ‘கீழ்வேளூர், நமது நிருபர்’ என்று போட்டுப் பக்கத்தை அனுப்பினேன். பிறகு போனைத் திறந்தேன். அவரிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிடவில்லை. வந்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் பேசினார்.

“சார், மதகுல மணல்தான் கிடக்கு. நேத்து நாலு மணிக்கு அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். மேல எங்கயோ கரை வேலை நடக்குது, தண்ணிய நிப்பாட்டி வெச்சிருக்காங்க. பேப்பர்ல எப்படி சார் வந்துச்சு?”

பார்க்கிறேன் என்றேன். அவர் வைத்துவிட்டார்.

அதன்பின் நடந்ததை அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். தன் ஊரில் வீடு வீடாகப் போய்த் தடுத்துவிட்டார். பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு மற்ற ஊர்களுக்குப் போயிருக்கிறார். ‘பேப்பர்ல வந்தத நம்பாதீங்க, விதைய ஊறப் போடாதீங்க’ என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு டீக்கடையில் சிரித்தார்கள். நேத்து எழுதும்போது முழிச்சிருந்தீங்களா, இப்ப முழிச்சிருக்கீங்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாற்காலி போடும் அந்தத் தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

“நான் சொல்றேன், தண்ணி வரலங்க. மதகுல நின்னு பாத்துட்டு வந்தேங்க.”

“அப்ப பேப்பர்ல எழுதுனது யாரு?” என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டாராம்.

அவர்கள் அச்சில் இருந்ததையே நம்பினார்கள். பதினாறு வருடமாக அது அவர் சொன்னதுதானே. மொபெட் கிளம்பும்போதே அந்த வீட்டின் பின்கட்டில் டிரம்மில் நெல்லைக் கொட்டும் சத்தம் கேட்டதாம்.

தண்ணீர் பதினேழாம் நாள்தான் வந்தது. கால் நனைந்துவிட்டது என்று அன்றும் போன் செய்தார். வந்துவிட்டதாக ஏற்கெனவே போட்டிருந்ததால் அதைச் செய்தியாகப் போட முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். முளைத்த விதை சாக்கிலேயே சூடேறிக் கெட்டுப்போயிருந்தது. களத்தோரம் கொட்டியிருந்தார்கள். வெள்ளை முளைகள் ஒன்றோடொன்று பின்னி, சாக்கின் வடிவத்திலேயே கட்டியாகக் கிடந்தன. புளித்த வாடை. கோழிகள் கிளறிவிட்டு நகர்ந்துவிட்டன. மறுபடி விதை வாங்க ஆட்கள் திருவாரூர் வரை போயிருந்தார்கள். நானும் நிருபரும் அந்தத் தெரு வழியாக நடந்தோம். அன்று எழுந்து வந்து வரவேற்ற பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். “என்னப்பா, இன்னிக்கு என்ன எழுதப் போற?” என்றார். நிருபர் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

நாலு வரி போதும் என்றார் அவர், பஸ் நிறுத்தத்தில். “கீழ்வேளூர் நிருபர் அனுப்பாத செய்தி தவறுதலா வந்துடுச்சுன்னு போட்டாப் போதும் சார். அத வெட்டி எடுத்துக்கிட்டு நான் ஒவ்வொரு வீடாப் போயிடுவேன்.”

திருத்தத்தை எழுதி எங்கள் மேலாளரிடம் கொடுத்தேன். கல்லூரிக்காரரின் உறவினர் அவர். இரண்டு முறை படித்தார். விற்பனைப் பேச்சு நடக்கும் நேரத்தில் நாமே நம் தவறை அச்சில் ஒப்புக்கொண்டால் வாங்குபவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். கைமாறிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார். அது நியாயம்போல எனக்குப் பட்டது. நிருபர் முதல்முறை வந்தபோது இதைத்தான் சொன்னேன். இரண்டாம் முறையும் இதையே சொன்னேன். அந்த வரியை அடித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது கைமாறிவிட்டது. பலகை இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே டீக்கடைக்குப் போனோம். டீ வரும்வரை அவர் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த வரிய அடிச்சது நான்தாங்க,” என்றேன்.

“தெரியும் சார். அந்தப் பெட்டிய வேற யார் பாக்குறா?” டீயை ஆற்றினார். “யார் அடிச்சா என்ன? நமது நிருபர்னு போட்டிருக்கு. அங்க நிருபர் நான்தானே.”

பதினொரு மணிக்கு மாடிக்குப் போனோம். சென்னைக் கம்பெனியின் பொறுப்பாளருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையாக எங்களை உட்காரச் சொன்னார். செய்தித்தாளை வாங்கி மேசையில் விரித்து, கவனமாகப் படித்தார். தேதியையும் பார்த்தார்.

“இது எங்க டைம்ல வந்தது இல்லைங்களே. முன்னாடி வந்த எதுக்கும் நாங்க பொறுப்பில்லைன்னு அக்ரிமென்ட்லயே இருக்கு. நாங்க திருத்தம் போட்டா அது எங்க தப்பு மாதிரி ஆயிடும்.”

“அப்ப பழைய முதலாளியப் பாக்கணுங்களா?” என்று நிருபர் கேட்டார்.

“பாக்கலாம். ஆனா அவர்கிட்ட இப்ப பேப்பர் இல்லையே.”

கேலியாக அவர் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். நிருபர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கக்கூடியது ஒன்று இருந்தது: எந்த முதலாளி இருந்தாலும் அடித்தது நான், என் பெயரைப் போட்டே திருத்தம் வரட்டும் என்று. சொல்லவில்லை. என் நியமன உத்தரவு அந்த மேசையில்தான், புதிய கம்பெனியின் தாளில், கையெழுத்துக்காகக் காத்திருந்தது. என்னுடைய பெயரைத் தலைகீழாகப் படிக்க முடிந்தது.

நிருபர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கீழே வந்ததும் சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். பழைய கம்பெனி கார்டுதானே சார், எப்படியும் எல்லாருகிட்டயும் திருப்பி வாங்கத்தான் போறோம் என்று அவள் வாங்கிக் கவரில் போட்டாள். அவர் எதற்காகக் கொடுத்தார் என்று அவளுக்குத் தெரியாது. புதிய கார்டுக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றாள். அனுப்புகிறேன் என்றார் அவர்.

அனுப்பவில்லை. சில மாதங்கள் கழித்து நான் கூப்பிட்டபோது களை எடுத்துக்கொண்டிருந்தார். பயிர் எப்படி என்று கேட்டேன். மறுபடி விதை வாங்கிப் பின்பட்டத்தில், தாமதமாகத் தெளித்ததுதான் தேறியிருக்கிறது என்றார். மதகைப் பற்றி நான் கேட்கவில்லை. பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நீர் நிலவரம் இப்போது சென்னையில் தயாராகிறது. அரசின் செய்திக்குறிப்பு வந்ததும் எண்கள் தாமாகவே பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும். கடைமடை வரியும் அதிலேயே வருகிறது. என் வேலை, பக்கத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பது.

கீழ்வேளூர்ப் பகுதிக்கு எங்களிடம் நிருபர் இல்லை. ‘கீழ்வேளூர், நமது நிருபர்’ என்ற வரி இன்றைய பத்திரிகையிலும் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.