நெழல்காரி ஓடிப்போகல

அந்தப் பொண்ணு மேல தப்பே கெடையாது ஸ்டெல்லா. பொட்டிய தூக்கினு தனியா நடந்து போறத பாத்தா ஒடனே ஓடிப்போனவன்னு முடிவு கட்டிடுவியா நீ? அய்ய, நம்ம மூணாவது வூட்டு மருமகள சொல்லல, அந்தக் கதைய அப்பால பேசிக்கலாம். நான் சொல்றது காமிக்ஸ்ல வர்ற நெழல்காரிய. சிரிக்காத, தண்ணி லாரி வர்ற வரிக்கும் இப்புடி வந்து குந்து.

எங்கப்பா மேற்கு தாம்பரத்துல பழைய பேப்பர் கடைல எட கட்டினு இருந்தாரு. சாய்ங்காலம் வூட்டுக்கு வந்தா அவர் மேல ஒரு வாசன வரும் பாரு, மையும் தூசும் மழைல நனஞ்சி காஞ்ச காயிதமும் கலந்த வாசன, இப்ப நெனச்சாலும் மூக்குல நிக்குது. எம்பத்தஞ்சி எம்பத்தாறு இருக்கும். நான் பள்ளிக்கோடம் பக்கமே போனதில்ல, தம்பி தங்கச்சிய யாரு பாக்குறது. அதுக்குன்னே எங்கப்பா எட போட வர்ற கட்டுலேர்ந்து பொம்ம போட்ட பொஸ்தகமா பொறுக்கி லுங்கி மடிப்புல சொருவிகினு வருவாரு. அப்புடி வந்ததுதான் அந்த ஏழு பேரு கத. ஏழு பேரும் ஒரே வூட்ல ஒண்ணா குந்தி சாப்புடுவாங்க, ஊர்ல எங்க ஆபத்துன்னாலும் ஒண்ணா கெளம்புவாங்க. ஒருத்தனுக்கு நெத்தில வெளக்கு, ஒருத்தன் சொவத்துல காத வச்சா ஊரு பூரா பேசுறது கேக்கும். எனக்குப் புடிச்சது நெழல்காரி. அவ நெழல அவளே தரைலேர்ந்து உரிச்சி எடுத்து, நம்ம பெட்ஷீட்ட ஒதறி விரிப்போமே அந்த மாதிரி விரிச்சி கூட இருக்குறவங்கள மூடிடுவா. குண்டு வந்தாலும் ஒண்ணியும் ஆவாது.

எல்லாம் அட்ட இல்லாம உதிரி உதிரியா வந்துச்சி. எங்கப்பா அதெல்லாம் ஒண்ணா சேத்து கோணி ஊசில சணல் கோத்து தலகாணி மொத்தத்துக்கு தெச்சி குடுத்தாரு. பத்திரிகைல வர்ற தொடர்கதய கிழிச்சி பைண்டு பண்ணி வப்பாங்களே பெரிய வூட்டு அம்மாங்க, அந்த மாதிரி எம்பொண்ணுக்கும் ஒண்ணு இருக்கட்டும்னு. இன்னா சோக்கா தெச்சாரு தெரியுமா.

படிச்சி சொல்றது நூர்ஜகான். அவங்க அத்தா சைக்கிள் கட வச்சிருந்தாரு, அவ நாலாவது படிச்சினு இருந்தா. எழுத்துக்கூட்டி அவ படிப்பா, நான் படத்த பாத்துகினே கேப்பேன். அங்கங்க பக்கம் இருக்காது, நடுவுல ஒண்ணும் புரியாது, ஆனா நூரு அசர மாட்டா, அவளே ஒரு காரணம் கட்டி தாண்டி போய்டுவா. அதுல ஒரு எடத்துல ஏழு பேரு வூட்டுப் பின்கதவ யாரோ உள்ள இருந்தே தொறந்து வுட்டுர்றாங்க, எதிரி உள்ள வந்து அடிச்சி நொறுக்கிர்றான். தொறந்தது யாருன்னு தெரியல, கை மட்டுந்தான் தெரியுது, அடுத்த பக்கத்த காணோம். பொஸ்தகத்துல கடைசி படம் இன்னான்னா, நெழல்காரி ஒரு தகரப்பொட்டிய தூக்கினு தனியா ரோட்ல போறா, மத்த ஆறு பேரு மாடி ஜன்னல்லேர்ந்து பாத்துகினு கீறாங்க. நூரு தீர்ப்பு சொல்லிட்டா: "இவதான்டி தொறந்தது. காட்டிக் குடுத்துட்டு ஓடுறா பாரு."

"அவ அப்புடிப்பட்டவ இல்ல"ன்னேன். "படிச்சது நானா நீயா?"ன்னா.

அதுலேர்ந்து தெருவுல ஏழு பேர் ஆட்டம் ஆடுனா நூருதான் வெளக்கு நெத்தி, தலைவரு. நெழல்காரியா ஆட ஒரு பொண்ணும் வராது. நான்தான் எங்கம்மா பழைய பொடவைய இழுத்துகினு ஓடுவேன். ஆட்டம் பூரா எல்லாரையும் மூடி காப்பாத்துவேன், கடைசில எல்லாம் சேந்து "ஓடிப்போனவளே, ஓடு ஓடு"ன்னு ரயில்வே கேட் வரிக்கும் என்னியத் தொரத்துவாங்க. தெனமும். தண்ணி மொள்ளப் போனாக்கூட "தோ வருது பாரு ஓடிப்போனவ"ன்னு கூப்புடுங்க. ஒரு தபா அழுதுகினே வூட்டுக்கு வந்தேன். எங்கப்பா, "அடுத்த பொஸ்தகம் கெடைக்கட்டும், அதுல தெரிஞ்சிடும்"னாரு. கெடைக்கவே இல்ல. கல்யாணம் ஆச்சி, புள்ளைங்க, கோவிலம்பாக்கம், இங்கன்னு வூடு வூடா மாறி அந்த சணல் கட்டு எங்க போச்சின்னே தெரியல.

இப்ப பாரு, போன மாசம் மருமக ரேவதி பேத்திக்குன்னு புத்தகக் கண்காட்சிலேர்ந்து ஒண்ணு வாங்கியாந்தா, செங்கல்லு மாதிரி. வழவழன்னு காயிதம். பக்கத்த தொறந்தா தரைலேர்ந்து நெழல உரிச்சினு நிக்கிறா எவளோ. "அய்யோ இவங்க ஏழு பேரும் எனக்குத் தெரிஞ்சவங்க"ன்னேன். "பழைய கதைங்கள வரிசையா சேத்து ஒரே பொஸ்தகமா போட்ருக்காங்க அத்த"ன்னா ரேவதி. அரிசி ஊறினது ஊறினபடி கெடக்க, நான் பாட்டுக்கு பக்கத்த பெரட்டுறேன். மொத கதையிலேயே அந்தப் படம் வருது. பொட்டி, ரோடு, ஜன்னல்ல ஆறு பேரு. கடைசி இல்ல ஸ்டெல்லா, அதான் மொதலு. ரேவதி படிச்சி சொன்னா, அவ ஓடிப்போகல, அப்பதான் வந்து சேர்றா. ஆறு பேரும் ஜன்னல்ல நின்னுகினு அவ வர்றாளான்னு வழி பாத்துகினு கீறாங்க.

எங்கப்பா வேல அது. காய் கூடைல நல்ல காய மேல வச்சி அடிபட்டத அடில தள்ளுவோம் இல்ல, அந்த மாதிரி பளிச்சுன்னு இருந்தத மேல வச்சி, நஞ்சி போனத அடில போட்டு தெச்சிட்டாரு. பழசுதானே நஞ்சி போயிருக்கும், மொத கத அடிக்கு போய்டுச்சி. பாவம், எம்பொண்ணு பிரிச்சா மொதல்ல நல்ல கலரு தெரியணும்னு நெனச்ச மனுசன்.

அப்ப கதவத் தொறந்தது யாருன்னு கேளு. காணாம போன பக்கம் இதுல கீது. வெளக்கு நெத்தி, நூரு ஆடுனாளே அவனேதான்.

அடுத்த நாளே ராஜகீழ்ப்பாக்கத்துக்கு பஸ் ஏறிட்டேன். நூரு இப்ப அங்கதான் மவன் வூட்ல கீறா, முட்டி வலி, கண்ணாடி, மத்தபடி அதே வாயி. பொஸ்தகத்த மடில வச்சி பக்கத்த காட்டுனேன். பாத்தா, பாத்தா, ரொம்ப நேரம் பாத்தா. "அவன் தங்கச்சிய புடிச்சி வச்சிருந்தாங்கடி, அதான் தொறந்தான், வேணும்னேவா செஞ்சான்?"ங்கறா. "தங்கச்சி இருந்தா இன்னா, கத்திரிக்கா இருந்தா இன்னா, தொறந்தானா இல்லியா?" "முழுசா படிச்சிட்டு சொல்றேன், வச்சிட்டுப் போ"ன்னுட்டா. வச்சிட்டு வூட்டுக்கு வந்தா பேத்தி ஒரே பேஜாரு, என் பொஸ்தகம் எங்கன்னு.

அந்த பேப்பர் கட இருந்த எடத்துல இப்ப செல்போன் கவரு விக்கிறான். ரயில்வே கேட்டும் இல்ல, நாங்க ஓடுன தெருவுல ஸ்கூட்டர வளச்சி திருப்பக்கூட எடம் இல்ல. தொரத்துனவங்கள்ல பாதி பேரு எங்க கீறாங்கன்னே தெரியல. ஆனா தீர்ப்பு சொன்னவ கீறா இல்ல, எனக்கு அது போதும்.

நேத்து போன் பண்ணா. "படிச்சி முடிச்சிட்டேன்"ன்னா. "அப்பறம்?"னேன். "சரிடி, நான்தான் கதவத் தொறந்தேன், நீ ஓடல. ஒழுங்கா நடந்துதான் வந்த. போதுமா?"ன்னா. போதாதுன்னேன். ஸ்பீக்கர்ல போட்டு, ரேவதியையும் பேத்தியையும் பக்கத்துல குந்த வச்சி, இன்னொரு வாட்டி சொல்லச் சொன்னேன். சிரிச்சிகினே சொன்னா, நானும் சேந்து சிரிச்சேன். பேத்தி என்னா ஏதுன்னு புரியாம என்னையும் போனையும் மாறி மாறி... இரு இரு, ஆரன் சத்தம் கேக்குதா, தண்ணி லாரி. கொடத்த எடு ஸ்டெல்லா, அந்த நீல கொடம் என்துது, நவுரு, நான் முன்னாடி போறேன்.