குருவி இருக்கிற குழு

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படம் எடுப்பதில் துளியும் ஆசை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, பிறவிக் கலைஞர் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவீர்கள். அந்த மனிதர் மாதா மாதம் படம் எடுத்தது பெற்ற பிள்ளையைப் பார்ப்பதற்காக.

பிள்ளை எங்கே இருக்கிறான் என்றே நாலு வருடமாக அவருக்குத் தெரியாது. மழை பெய்த ஒரு மத்தியானம், அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு பைக்கில் கூட்டி வந்தான். வண்டி சறுக்கியது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அம்மா பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மெக்கானிக் அவனிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நீதான்டா அவளக் கொன்ன." வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப அள்ளிப் போட்டுக்கொள்ள முடியுமா? எல்லாம் முடிந்த மறுநாள் பையன் ஒரு பையோடு கிளம்பினான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

அப்புறம் ஒருநாள் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணியது. சரிசெய்துவிட்டுக் கீழே இருந்த பேக்கரியில் டீ குடிக்க நின்றவர், சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சுவர் முழுக்கப் படங்கள். பேக்கரிக்கார அம்மா போனில் ஒரு குழு நடத்தினார். மாதப் பிறப்பன்று ஒரு தலைப்பு கொடுப்பார், எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் அதற்குப் படம் எடுத்துப் போடுவார்கள். நன்றாக இருப்பது சுவரில் ஏறும். அதில் ஒன்று, கொடியில் காயும் போர்வை. ஓரத்தில் ஊதா நூலில் கோணல் மாணலாக ஒரு தையல். அது அவர் மனைவி போட்ட தையல். கீழே 'குருவி' என்று பெயர். பையனை அவள் கூப்பிடுவதும் அப்படித்தான்.

"நானும் சேரலாமாம்மா?"

"தாராளமா சேருங்க சார். ஆனா தொடர்ந்து ரெண்டு மாசம் படம் போடலன்னா எடுத்துடுவேன். சும்மா வேடிக்கை பாக்கறவங்களுக்கு இங்க இடமில்ல."

கம்பெனி கொடுத்த புது நம்பர் பையனுக்குத் தெரியாது. 'மூணாவது மாடி' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு நுழைந்தார்.

முதல் தலைப்பு நீலம். குளியலறை வாளியை எடுத்துப் போட்டார். பாதிப் படத்தில் அவருடைய கட்டைவிரல். அதற்குக் கீழே குருவி எழுதியிருந்தான்: "ஐயா, வாளியை விட விரல் நல்லா வந்திருக்கு. வெளிச்சத்துக்கு முதுகக் காட்டி நின்னு எடுத்துப் பாருங்க." அதை அவர் எத்தனை தரம் படித்தார் என்று கேட்காதீர்கள். பையன் அவரோடு பேசிவிட்டான், யாரென்று தெரியாமல் பேசினால்தான் என்ன?

அதுவரை வேலை விட்டு வந்தால் கட்டிலில் விழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், தெருத் தெருவாக நடக்க ஆரம்பித்தார். தலைப்பு வந்தால் போதும், பேய் பிடித்த மாதிரி அதே நினைப்பு. லிஃப்டை மட்டும் தொடமாட்டார். தொழில் வாசனை அடித்தால் பையன் மோப்பம் பிடித்துவிடுவான் என்ற பயம். 'கோடு' என்று தலைப்பு வந்த மாதம் பார்க்க வேண்டுமே! லிஃப்ட் குழிக்குள் நின்று அண்ணாந்தால், கம்பி வடங்கள் வரிசையாக ஏறி இருட்டுக்குள் போகும். அதைவிட நல்ல கோடு யாருக்குக் கிடைக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சீப்பைப் படம் எடுத்தார். அந்தச் சீப்பும் சுவரில் ஏறியது, அது வேறு கதை.

பையன் போடும் படங்களை விரலால் விரித்து விரித்து மூலை முடுக்கெல்லாம் தேடுவார். ஒரே தட்டு, ஒரே டம்ளர். கல்யாணம் ஆகவில்லை. தேய்ந்துபோன செருப்பு. எங்கும் நடந்தே போகிறான் போல. முகம் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை.

பிறகு ஒரு மாதம் 'சக்கரம்' என்று தலைப்பு வந்தது. குழுவில் சைக்கிள், தள்ளுவண்டி, பொம்மைக் கார் என்று வந்து குவிந்தது. குருவி ஒன்றும் போடவில்லை. காரணம் தெரிந்தவர் அந்தக் குழுவில் ஒரே ஒரு ஆள்தான். அவருக்கும் கை வரவில்லை. மாதம் முடிந்ததும் பேக்கரிக்கார அம்மா எழுதினார்: "குருவியும் மூணாவது மாடியும் மட்டம் போட்டுட்டாங்க. இன்னொரு மாசம்தான், ஞாபகம் இருக்கட்டும்." இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து மெக்கானிக் அழுதார்.

அடுத்த தலைப்பு 'சொந்த முகம்'.

குருவி முதல் வாரமே போட்டுவிட்டான். நாலு வருடம் கழித்து அந்த முகம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முப்பது வயதுக்குள் தாடியில் நரை. கண் மட்டும் அப்படியே அம்மாவின் கண். அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை. முகத்தைப் போடாவிட்டால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். போட்டால் பையனுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று துணிந்தார். ஜன்னலுக்கு எதிரே, அவன் சொல்லிக் கொடுத்ததை நினைத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று எடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி எழுதுவது குழுவின் வழக்கம். இதுவரை எழுதாதவர் அன்றைக்கு எழுதினார்: "அம்மாவ நீ கொல்லலடா குருவி. அப்பா சொன்னது தப்பு."

தனியாக அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். தனியாக வந்தால் திறக்காமலே அழித்துவிடுவான் என்று பயந்தார். பயந்து, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், பாவி மனுஷன். அந்த விஷயத்தை அங்கே யாரிடமும் பையன் வாய் திறந்ததில்லை. வெறும் குருவியாக, படம் எடுக்கிறவனாக மட்டும் அவன் இருந்த ஒரே இடம் அது. கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். "குருவி, என்னப்பா ஆச்சு?" "யாரு யாரக் கொன்னது?" "ஐயோ, நீயா?" அதற்கும் கீழே, குருவி குழுவை விட்டு வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது.

செய்தது என்னவென்று அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. வராந்தாவில் சொன்னதாவது அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்தது.

பேக்கரிக்கார அம்மா போன் பண்ணினார். "சார், குருவி உங்களுக்கு என்ன வேணும்?"

"என் பையன்மா."

மூச்சு விடாமல் அவரே தொடர்ந்தார்.

"அந்தப் படத்த அழிச்சிடுங்க. எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க, இதப்பத்தி அவன்கிட்ட யாரும் கேக்கக் கூடாது. நான் போயிடறேன். போயிட்டேன்னு சொல்லி அவனத் திரும்பக் கூப்பிடுங்க."

"நீங்களும் இருங்க சார், நான் பேசிப் பாக்கறேன்."

"நான் இருந்தா வரமாட்டான்மா. அவனுக்குன்னு இருக்கறதே அந்த ஒண்ணுதான்."

உங்களுக்கு மட்டும் என்ன இருக்கிறது என்று அந்த அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. போனை வைத்ததும் குழுவிலிருந்து வெளியேறினார்.

இரண்டு மாதம் கழித்து, லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் கையோடு நின்றபோது போன் அடித்தது. "சார், வந்துட்டாரு. இந்த மாசத் தலைப்புக்குப் படமும் போட்டுட்டாரு."

மெக்கானிக் சுவரில் சாய்ந்துகொண்டார். "என்ன படம்மா?"

"ஒரு பழைய பஸ் ஸ்டாப். யாரும் இல்ல. வெறும் பெஞ்சு."

"வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருது?"

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியல சார். இருங்க, உங்களுக்கே அனுப்பறேன்."

"வேணாம்மா." கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "அவன் எனக்குக் காட்டலையே."

மேலே யாரோ லிஃப்ட் எப்போது ஓடும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்காம்மா படம்?"

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

"அப்ப சரி," என்றார்.