மேலே நின்றவன்

சரக்குக் கப்பல் வேலையிலிருந்து லீவில், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸுக்கு வந்தால் எனக்கு மரியாதை அதிகம். "கடல்ல உனக்கு இன்னா பயம்? பாதாளத்தையே பார்த்த ஊராச்சே நம்மது" என்பார்கள். பாதாளத்தைப் பார்த்தவர் அப்பா. நான் சுரங்கத்தில் ஒரு நாளும் இறங்கியதில்லை. ஆனாலும், இருட்டுக்குழி எதுவானாலும் நமக்குச் சொந்த வீடு என்ற திமிர் எனக்கும் இருந்தது.

இந்த முறை நாங்கள் ஏற்றிச் சென்றது இரும்புத் துருவல். கடைசல் பட்டறையில் சுருள் சுருளாக விழுமே, அதுதான். பார்த்தால் குப்பை. மூடிய சரக்கு அறைக்குள் அது துருப்பிடிக்கப் பிடிக்க, அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். வாசனையும் வராது, புகையும் வராது. மீட்டரை இறக்கிப் பார்க்காமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

என் அறைத் தோழன், தூத்துக்குடிக்காரன், தவறி விழுந்த டார்ச்சை எடுக்க அந்தச் சரக்கு அறைக்குள் ஏணியில் இறங்கிவிட்டான். நான் ஓடி வருவதற்குள் அடியில் சுருண்டு கிடந்தான்.

வாக்கி டாக்கியில் கத்தினேன். கால்கள் அதற்குள் ஏணியைத் தேடின. எங்கள் ஊர்ப் புத்தி அது. ஒருவன் விழுந்தால் அடுத்தவன் இறங்குவான். ஆனால் சுரங்கத்துக்குக் குழாய் வழியாகக் காற்று போகும். இங்கே ஒரு மூச்சுக்குக்கூட வழியில்லை. நானும் இறங்கினால் தூக்க வேண்டிய உடல் இரண்டாகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். விழுந்தவனின் ஊர்க்காரன் ஒருவன் ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டு இறங்கப் பார்த்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திறப்பை அடைத்து உட்கார்ந்துவிட்டேன். காற்று சிலிண்டரும் முகமூடியுமாக இரண்டு பேர் வந்த பிறகுதான் நகர்ந்தேன். தோழன் பிழைத்துக்கொண்டான்.

வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"கூட்டாளி கீழ வுயுந்து கெடக்கறான், நீ மேல குந்திகினு இருந்தியா? மைன்ஸ்ல நாங்க அப்டியா பண்ணோம்? அடுத்த கேஜ் லிப்ட்ல எறங்குவோம்டா!"

எனக்கும் ஆத்திரம் பொங்கியது. "நாளைக்கு நடந்தாலும் அப்டியேதான் குந்துவேன் நைனா."

சாதம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"எங்கண்ணன் போனதும் அப்டித்தானங்க? ஒருத்தன தூக்க எறங்குச்சு. ரெண்டு பொணமா வந்துச்சு. நீங்க அன்னிக்கு மேலதான இருந்தீங்க?"

இத்தனை வருஷத்தில் அம்மா இதை அவரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா தள்ளி வைத்த தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பிறகு மெதுவாக என்னிடம் கேட்டார்: "எறங்கப் பாத்தானே அந்தப் பையன், உன்ன அடிச்சானா?"

"அடிச்சான் நைனா. மூஞ்சியிலயே."

"நீ வுடலயா?"

"வுடல."